படிக்கட்டுக்கும் ஞாயிறு விடுமுறை

வேலைக்குக் கிளம்பிய மனுஷன் தன் வீட்டிலிருந்து தெருவுக்கு இறங்க வழியில்லாமல் கடைசிப் படியில் நிற்கிறான் என்றால் அந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது? கத்தரியின் புருஷன் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்படித்தான் நின்றான். பஸ் ஓட்டுகிறவன். சீருடை போட்டு, தலை வாரி, ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் மறு கையில் தண்ணீர் பாட்டிலுமாக இறங்கி வந்தவனுக்கு முன்னால் புதிதாக ஒரு கிரில் கதவு. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. பூட்டு வெளிப்பக்கம் தொங்கியது.

"ஏம்மா, கொஞ்சம் இறங்கி வா," என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தான். "நம்மளை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டாங்க."

கத்தரி என்பது தெரு அவளுக்கு வைத்த பெயர். துணி வெட்டித் தைக்கிறவள் என்பதால் பாதி, அவள் வாய்க்காகப் பாதி. மாடியில் குடியிருப்பு, முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை. அவள் ஊசியை உதட்டில் கவ்வியபடியே இறங்கி வந்து பூட்டைப் பார்த்தாள். பிறகு கிரில்லில் கட்டியிருந்த அட்டையைக் கம்பி வழியாகத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். வேலை நேரம் காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை, ஞாயிறு விடுமுறை என்று எழுதியிருந்தது. கீழே இருந்த குழாய்க் கடைக்கு விடுமுறை என்றால் சரி, கடைக்காரன் தூங்கட்டும். மாடிப்படிக்கு என்ன விடுமுறை? மனுஷன் ஏறி இறங்குவதற்குமா கடை நேரம்?

கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"சார், படியைப் பூட்டிட்டுப் போயிருக்கீங்க."

"ஆமாம்மா. படிக்கு அடியில பித்தளைக் குழாய் எல்லாம் அடுக்கி வச்சிருக்கேன். காணாமப் போனா நீங்களா குடுப்பீங்க?"

"நாங்க எப்படிங்க இறங்குறது? அவருக்கு டியூட்டி இருக்கு."

"அதை உங்க அண்ணன்கிட்ட கேளுங்க. படிக்கட்டு கீழ்த்தளத்தோட சேர்ந்ததுன்னு பத்திரத்துல தெளிவா இருக்கு. நான் சும்மா ஒண்ணும் வாங்கல. நாளைக்குக் காலையில வந்து திறந்துருவேன்."

வைத்துவிட்டார். திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. எதிர் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர் மனமிரங்கி ஏணியைக் கொண்டுவந்து பால்கனிச் சுவரில் சாய்த்தார். தெருவே வேடிக்கை பார்க்க, முட்டிவலிக்காரனான அந்த மனுஷன் சீருடையோடு சுவரைத் தாண்டிக் காலைத் தூக்கி வைத்து, பின்பக்கத்தைத் தெருவுக்குக் காட்டியபடி தட்டுத்தடுமாறி இறங்கினான். கடைசிப் படிக்கு முந்தைய படியில் முட்டி மடங்கியது. பெயிண்டர் தாங்கிப் பிடித்தார். நொண்டிக்கொண்டே பஸ்ஸுக்குப் போனான்.

அதோடு விட்டதா? அன்றைக்குக் கல்யாணப் பெண்ணுக்கான உடுப்பு ஒன்றைக் கொடுக்க வேண்டும். வாங்கிப் போக வந்த பெண்ணின் தாய், கிரில்லுக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் கண்ணைப் பிடுங்கும் வேலை செய்து, மணி மணியாகக் கோர்த்த உடுப்பு. அதை ஒரு போர்வையில் மூட்டையாகக் கட்டி, துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து அதில் தொங்கவிட்டு, கிணற்றில் வாளி விடுவது போல இறக்கினாள் கத்தரி.

"உங்க சொந்த வீடுதானே இது?" என்று கீழேயிருந்து கேட்டாள் அந்தத் தாய். அவள் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள். அதுதான் சுருக்கென்று தைத்தது.

"சொந்த வீடுதாங்க. படிதான் சொந்தமில்ல," என்றாள் கத்தரி. சொல்லிவிட்டு உள்ளே போய் வெட்டு மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

இது எப்படி வந்தது என்று கேட்டால், எல்லாம் கூச்சத்தால் வந்த வினை. அவளுக்கு ஒரே அண்ணன். இன்சூரன்ஸ் ஏஜெண்ட். வாயைத் திறந்தால் தேன் வழியும். நல்லா இருக்கிறவனையே உட்காரவைத்து, நாளைக்கே நீ செத்துப்போனால் என்று பேசிக் கையெழுத்து வாங்கிவிடுவான். அப்பா கட்டிய வீடு. அம்மாவும் போன பிறகு அது இருவர் பேருக்கும் வந்தது. அண்ணன் கீழே, தங்கை மாடியில் என்று ஏற்கெனவே குடியிருந்தார்கள். அதையே பாகப்பிரிவினைப் பத்திரமாகப் பதிந்துகொள்ளலாம் என்று அண்ணன்தான் சொன்னான்.

அந்த வீட்டில் பங்கு பிரிக்க ஒரு முறை உண்டு. ஒருத்தர் வெட்ட வேண்டும், மற்றவர் முதலில் எடுக்க வேண்டும். ரொட்டித் துண்டானாலும் சரி, சோப்புக் கட்டியானாலும் சரி, அப்பா அப்படித்தான் பழக்கியிருந்தார். வெட்டுகிறவர் ஏமாற்ற முடியாதாம். நல்ல முறைதான். ஆனால் சின்ன வயதிலிருந்து வெட்டுவது எப்போதும் இவள், எடுப்பது எப்போதும் அவன். வீட்டுக்கும் அப்படியே ஆயிற்று. "நீயே பிரிச்சுச் சொல்லு, நான் எடுத்துக்கறேன்," என்றான். அவள் மாடி ஒரு பங்கு, கீழ்த்தளம் ஒரு பங்கு என்றாள். அவன் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கீழ்த்தளத்தை எடுத்தான். இத்தனை வருஷம் எடுத்தே பழகியவனுக்கு எதை எடுப்பது என்று தெரியாதா என்ன?

பத்திரம் எழுதுகிறவர் தடித்த கண்ணாடிக்காரர். எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தி, "படிக்கட்டை எதுல சேர்க்குறது? பொதுன்னு போடவா?" என்று கேட்டார்.

அண்ணன் சிரித்தான். "பொதுன்னா அதுக்குத் தனியா வரைபடம் போடணும்பீங்க, இன்னொரு நாள் அலையணும். படி நிக்கிறது கீழ் மண்ணுலதானே, கீழ்த்தளத்தோட சேர்த்துருங்க. என் தங்கச்சி ஏறுறதை நான் மறிக்கவா போறேன்?"

எழுதுகிறவர் பேனாவை வைத்துவிட்டுக் கத்தரியைப் பார்த்தார். "அம்மா, அப்படின்னா மாடிக்குப் போக வர உரிமை உண்டுன்னு ஒரு வரி சேர்த்துடட்டுமா?"

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால்கூட இவள் பதிலுக்குப் பேசியிருப்பாள். கத்தரிக்குப் பேச்சா பஞ்சம்? அவன் லேசாகச் சிரித்தபடி இவளையே பார்த்தான். அவ்வளவுதான். காது சிவந்துபோயிற்று இவளுக்கு. "வேண்டாங்க. கூடப் பிறந்தவன்கிட்ட எழுதியா வாங்குறது," என்றாள். ஊரிலுள்ளவன் துணியையெல்லாம் அரை விரல் கூடாமல் குறையாமல் வெட்டுகிறவள், தன் வீட்டை இப்படி வெட்டினாள். வெளியாள் ஒருவனோடு என்றால் அந்த ஒரு வரிக்குச் சண்டை பிடித்திருப்பாள். அண்ணன் என்பதால் விட்டாள். இந்த முட்டாள்தனத்தைச் சொந்தக்காரர்கள்தான் செய்ய முடியும்.

அதற்குப் பிறகு அண்ணிக்குக் கால் வலி என்று சொல்லி, லிஃப்ட் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அவர்கள் மாறிப் போனார்கள். கீழ்த்தளத்தை வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னான். ஒரு நாள் லாரி வந்து நின்று குழாய்களை இறக்கியபோது, வாடகைக்கு வந்தவர் போலிருக்கிறது என்று கத்தரிதான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் அவர் நான் வாடகைக்காரன் இல்லை, சொந்தக்காரன் என்றார். பாவி அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

ஏணியில் புருஷனை இறக்கிய மறுநாள், கடைக்காரர் வந்து படியைத் திறந்துவிட்ட கையோடு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் நின்றாள். கதவைத் திறந்த அண்ணி முகத்தைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டு, "காபி போடறேன்," என்று சமையலறைக்குள் ஓடிவிட்டாள்.

"வித்ததை ஏன்ணே என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வருத்தப்படுவ."

"இப்போ சிரிச்சுக்கிட்டா வந்திருக்கேன்? அந்தாளு படியைப் பூட்டிட்டான். அவர் ஏணியில இறங்கினாரு, தெரியுமா உனக்கு?"

"அவன் வியாபாரி. அப்படித்தான் இருப்பான்," என்றான் அண்ணன், மழை பெய்வதைச் சொல்வது போல. "நீ எதுக்கு மல்லுக்கட்டிக்கிட்டு இருக்க? மாடியையும் அவனுக்கே குடுத்துட்டு நிம்மதியா இரு. நான் பேசி வச்சிருக்கேன்."

"என்ன பேசி வச்சிருக்க?"

"கோவப்படாம கேளு. கீழ மட்டும்னா அவன் வாங்கியிருக்கவே மாட்டான். மாடியும் பின்னாலயே வந்துடும், என் தங்கச்சி நான் சொன்னா தட்ட மாட்டான்னு சொன்னேன். அதனாலதான் நான் கேட்ட விலைக்கு ஒத்துக்கிட்டான். பாக்கியைக்கூட மாடி கைக்கு வந்தப்புறம் தர்றேன்னு நிறுத்தி வச்சிருக்கான்."

தன் பங்கை விற்றான், அது அவன் பாடு. இவள் பங்கையும் சேர்த்துக் காட்டியல்லவா விலை பேசியிருக்கிறான்! இவள் தைத்துக்கொண்டும் சமைத்துக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருந்த வீட்டை, இவளுக்கே தெரியாமல், ஒரு குழாய் வியாபாரியிடம் வாயால் விற்றிருக்கிறான்.

"என் வீட்டைப் பேச நீ யாரு?"

"உன் நல்லதுக்குத்தானே பேசினேன். மாப்பிள்ளைக்கு முட்டி வலி. வயசாகுது. இன்னும் எத்தனை காலத்துக்குப் படி ஏறுவீங்க?"

"அந்த முட்டியோடதான் நேத்து ஏணியில இறங்கினாரு," என்றாள் கத்தரி. சொல்லிவிட்டு எழுந்துகொண்டாள்.

அண்ணி காபியோடு வந்து, குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். "வேண்டாம் அண்ணி. உங்க கட்டடத்து லிஃப்ட் யார் பேர்ல இருக்குன்னு பாத்து வச்சுக்குங்க. இவரை நம்பி ஏறாதீங்க," என்று சொல்லிவிட்டுப் படியிலேயே இறங்கிப் போனாள்.

ஒரு வக்கீலம்மாவைப் பார்க்கச் சொன்னவர் பெயிண்டர்தான். பழைய கட்டடம் ஒன்றில் மின்விசிறி கிரீச்சிடும் ஓர் அறை. காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொரு கட்டுக் காகிதத்தின் மேலும் ஒரு பழைய பூட்டு வைத்திருந்தார். பத்திரத்தை முழுவதும் படித்துவிட்டு, முதலில் கத்தரியைத்தான் ஒரு பிடி பிடித்தார்.

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. அண்ணன்கிட்ட எப்படி எழுதி வாங்குறது, சித்தப்பாகிட்ட எப்படிக் கேக்குறதுன்னு. எழுதுறதுக்குக் கூச்சம். என்கிட்ட வந்து அழும்போது அந்தக் கூச்சம் எங்க போகுது?"

கத்தரி, திட்டில் பாதி அண்ணனுக்குப் போய்ச் சேர வேண்டியது என்று நினைத்துக்கொண்டாள்.

"என்கிட்ட கேக்காமலே வித்துட்டானே மேடம், அது செல்லுமா?"

"செல்லும். பிரிச்சுக்கிட்டப்புறம் அது அவர் சொத்து. யாருக்கு வேணா விக்கலாம். முதல்ல தங்கச்சியைக் கேக்கணும்னு பத்திரத்துல எதுவும் இல்ல. மனசாட்சி கேக்கலாம், சட்டம் கேக்காது. மாடியையும் தர்றேன்னு அவர் சொன்னது மட்டும் செல்லவே செல்லாது. உங்களுதை நீங்கதான் விக்க முடியும்."

"அப்போ படி?"

வக்கீலம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரே வீடா இருந்ததை ரெண்டாப் பிரிச்சீங்க. பிரிச்ச அன்னைக்கு மாடிக்கு அந்தப் படியை விட்டா வேற வழியே இல்ல. அந்த மாதிரி நிலைமையில, எழுதினாலும் எழுதலைன்னாலும் மேல இருக்கிறவங்களுக்கு வழி விட்டுத்தான் ஆகணும். அவசிய வழின்னு சொல்வோம். படி யார் பேர்ல இருந்தாலும் சரி, யார் வாங்கினாலும் சரி, அந்த உரிமையும் கூடவே போகும். பறந்தா வீட்டுக்குப் போக முடியும்?"

"அப்போ ஜெயிச்சிடலாமா?"

"சட்டம் உங்க பக்கம். நேரம் அவங்க பக்கம். அதுவரைக்கும் தாங்கணும். இன்னொண்ணு, நல்லா கேட்டுக்குங்க. அந்தக் கடைக்காரர் சமாதானமா வந்து, சாவி தர்றேன், ஒரு சீட்டுல மட்டும் கையெழுத்துப் போடுங்கம்பார். அதுல என் அனுமதியோட போய் வர்றாங்கன்னு இருக்கும். செத்தாலும் போட்டுறாதீங்க. அனுமதின்னா அவர் நினைச்சப்ப திரும்ப வாங்கிக்கலாம். உரிமைன்னா முடியாது."

சொன்னது போலவே நடந்தது. வழக்குப் போட்ட சில நாட்களில் கடைக்காரர் மாடி ஏறி வந்து, மெஷின் பக்கத்து நாற்காலியில் பவ்யமாக உட்கார்ந்தார். ஒரு கையில் சாவி, மறு கையில் சீட்டு. "நமக்குள்ள எதுக்கும்மா கோர்ட்டு கேஸு?" என்றார். கத்தரி சீட்டை வாங்கி வாய்க்குள்ளேயே படித்தாள். கீழ்த்தள உரிமையாளரின் அனுமதியின் பேரில் என்று இருந்தது. சீட்டையும் திருப்பிக் கொடுத்தாள், சாவியையும் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் இறங்கிப் போன பிறகு, முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த புருஷன் மெல்ல ஆரம்பித்தான். "ஒரு கையெழுத்துதானே. போட்டுட்டு சாவியை வாங்கியிருந்தா என்ன? ஞாயித்துக்கிழமை டியூட்டி வந்தா சனிக்கிழமையே போய் டெப்போவுல படுக்க வேண்டியிருக்கு."

"நம்ம வீட்டுக்கு நாம விருந்தாளியா வரணுமா?"

"முட்டிக்கு அதெல்லாம் தெரியாதும்மா."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தைலத்தை வாங்கி அவளே தேய்த்துவிட்டாள். அந்த நாட்களில் தையலுக்கு வருகிறவர்களும் குறைந்துபோனார்கள். எட்டு மணிக்கு மேல் கடை பூட்டிவிடும், உள்ளே மாட்டிக்கொள்வோம் என்று பயம். அளவு கொடுக்க வந்த ஒருத்தி பாதி அளவில், "மணி என்ன, மணி என்ன," என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இடுப்பளவு தப்பாகிவிட்டது. எந்த ஊர் நியாயம் இது? வாங்கியவன் தூங்குகிறான், விற்றவன் லிஃப்டில் போகிறான், ஒரு தப்பும் செய்யாதவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு குடியிருக்கிறாள்.

வழக்கில் அண்ணனையும் சேர்த்திருந்தார்கள். அவன் என்ன சொல்லப்போகிறான் என்பதில் கத்தரிக்கு உள்ளூர ஒரு நம்பிக்கை இருந்தது. ஆயிரம்தான் இருந்தாலும் கோர்ட்டில் போய்ப் பொய் சொல்ல மாட்டான், என் தங்கை ஏறி இறங்கத்தான் அந்தப் படி என்று ஒரு வரி சொல்லிவிடுவான் என்று நினைத்தாள். அந்த நினைப்பைப் புருஷனிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாள். பதில் மனு வந்ததும் வக்கீலம்மா கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொல்லிவிட்டு வாசித்தார்.

"'வாதி என் உடன்பிறந்த தங்கை என்பதால் இரக்கப்பட்டு, என் தயவின் பேரில் மட்டுமே என் படிக்கட்டைப் பயன்படுத்த விட்டிருந்தேன். அது உரிமை அல்ல. வீட்டின் பின்புறம் தனக்கென இரும்புப் படி அமைத்துக்கொள்வதாக அவரே வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருந்தார்.'"

"இன்னொரு தடவை வாசிங்க," என்றாள் கத்தரி.

வக்கீலம்மா இன்னொரு தடவை வாசித்தார். காதில் விழுந்தது சரிதான். தயவாம். இரக்கமாம். அப்பா பிடித்து நடக்கக் கற்றுக்கொடுத்த படியில், அம்மாவைக் கடைசியாகத் தூக்கி இறக்கிய படியில், இவள் ஏறி இறங்கியது அண்ணன் போட்ட பிச்சையாம். விற்றதைக்கூட மன்னித்திருப்பாள். காசுக்கு ஆசைப்படாதவன் யார்? பொய் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பாள். தயவு என்ற அந்த ஒரு சொல்லை எந்த மனசோடு எழுதினான்? வக்கீலம்மாவின் மேசையில் முகத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். திட்டுகிறவரான வக்கீலம்மா அன்றைக்குத் திட்டவில்லை. எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இடத்தை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க கோர்ட் ஓர் ஆணையரை அனுப்பியது. புதிதாகத் தொழிலுக்கு வந்த வக்கீல் அவர். சட்டையில் மை, கையில் அளவு டேப். கடைக்காரரும் வந்திருந்தார், அண்ணனும் வந்திருந்தான். எல்லோரும் பின்புறம் போனார்கள். அங்கே வீட்டுச் சுவருக்கும் பக்கத்து மதிலுக்கும் நடுவில் ஓர் இடுக்கு. பூனை போனால்கூட மீசை உரசும்.

"இங்கதான் சார் இரும்புப் படி போடறதா பேச்சு," என்றான் அண்ணன், பாலிசி விற்கிற அதே குரலில்.

ஆணையர் இடுக்கைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார். அளப்பதற்கு முன் கத்தரி குறுக்கே வந்தாள். "சார், ஒரு நிமிஷம். அண்ணே, நீ உள்ள போய் எந்த இடம்னு நின்னு காட்டு."

அவனும் வீம்புக்குப் பக்கவாட்டில் திரும்பி ஒரு தோளை நுழைத்தான். வயிறு வெளியே நின்றுவிட்டது. மூச்சை இழுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நுழைந்தான். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது. வெளியே எடுக்க அவள் புருஷன்தான் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. ஆணையர் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டு அளவைக் குறித்துக்கொண்டார். கத்தரிக்கு அன்று சிரிப்பு வரவில்லை. பொத்தானைப் பொறுக்கி அவன் கையில் கொடுத்தாள்.

மேலும் சில வாய்தாக்கள் இழுத்த பிறகு உத்தரவு வந்தது. படிக்கட்டு கீழ்த்தளத்துக்காரருடையதாகவே இருக்கலாம். ஆனால் மாடிக்கு வேறு வழி இல்லாததால் அவளும் அவள் குடும்பத்தாரும் அவளைக் காண வருவோரும் எந்த நேரமும் அதில் போய் வர உரிமை உண்டு. யாரும் மறிக்கக் கூடாது. இது யாருடைய தயவும் அல்ல. அந்தக் கடைசி வரியை வக்கீலம்மா விரலை வைத்துக் காட்டினார். கத்தரிக்கு நியாயமாகச் சந்தோஷம் பொங்கியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து, பூட்டில்லாத கிரில்லைத் தள்ளித் திறந்து, படியில் நின்று மூச்சு வாங்கினாள். இதற்கா இத்தனை பாடு என்று ஆத்திரம்தான் வந்தது.

கடைக்காரர் லேசுப்பட்டவர் இல்லை. பூட்டை எடுத்துவிட்டுப் பித்தளைக்குக் காவலாக ஓர் ஆளைப் போட்டார். காவலாளி வயதானவர், உத்தரவை அட்சரம் பிசகாமல் பின்பற்றுகிறவர். மாடிக்கு யார் வந்தாலும் கீழேயிருந்து குரல் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் விடுவார். தையலுக்கு வருகிறவர்களுக்கும் அது பழகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் கத்தரி திரைச்சீலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். கீழே பேச்சுக் குரல் கேட்டது.

"நான் இந்த வீட்டுக்காரன்ப்பா. இங்கதான் பொறந்தேன். என்னையா நிறுத்துற?"

"அது எப்போ சார்? இப்போ ஓனர் வேற ஆளு. மேல போகணும்னா அந்தம்மாவைப் பாக்க வந்தவரா இருக்கணும். கேட்டுச் சொல்றேன், நில்லுங்க."

அவள் பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். அண்ணன். இளைத்திருந்தான். கக்கத்தில் ஒரு ஃபைல், கையில் ஒரு பழப் பை. மாடி கைக்கு வராததால் கடைக்காரர் பாக்கியைத் தர மறுக்கிறார், புதுக் குடியிருப்புக்குத் தவணை கட்ட முடியாமல் அண்ணன் திண்டாடுகிறான் என்று அண்ணி போனில் அழுதிருந்தாள். ஃபைலில் என்ன இருக்கும் என்று பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை.

"அம்மா, இவர் மேல வரணுங்கிறாரு," என்றார் காவலாளி. "உங்களைப் பாக்க வந்தவரா?"

அண்ணன் அண்ணாந்து பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு லேசாகச் சிரித்தான். சட்டைப் பொத்தான் ஒன்று இன்னமும் தைக்காமல் இருந்தது. கத்தரி அதைப் பார்த்தாள். கைப்பிடிச் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லைங்க," என்றாள். "இன்னைக்கு என்னைப் பாக்க யாரும் வர்றதா இல்ல."

காவலாளி திரும்பி, "மன்னிக்கணும் சார்," என்று சொல்லி கிரில்லை மரியாதையாகச் சாத்தினார். அண்ணன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு பழப் பையைக் கடைசிப் படியில் கம்பி வழியாக வைத்துவிட்டுத் தெருவில் நடந்தான். முனை திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்து மெஷினில் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. இதையெல்லாம் கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த புருஷன் மெதுவாக எழுந்து வந்து, அவள் கையிலிருந்த நூலை வாங்கிக் கோர்த்துக் கொடுத்தான்.

"பாவம்மா. ஏறி வந்து பேசிட்டாவது போயிருக்கலாம். என்ன குறைஞ்சுபோயிருக்கும்?"

கத்தரி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"ஏறி வந்திருந்தா கேட்ட இடத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பேங்க. அதான் ஏற விடல."